சாயத்தொட்டியும் மாயக்கதையும்

பதின்ம வயதினருக்கென்று மாயக்கதைகள் எழுதுபவர்கள் இங்கு ஒரு புதிய நாவல் வெளிவந்ததும் புத்தகக்கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் வந்து, வாசகர் முன்னால் அமர்ந்து கதைப்பது வழக்கம். கதை முதலில் எப்படித் தோன்றியது, இல்லாத நாட்டுக்கு வரைபடம் கீறியது எப்போது, பாத்திரங்களுக்குப் பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன, காலையில் எழுதுவதா இரவில் எழுதுவதா, எத்தனை பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின என்றெல்லாம் பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுத்தாளரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். மிச்சம், ரூட்டிங், கொலியர்ஸ்வூட் பக்கத்து எமது பிள்ளைகளும் அந்தக் கூட்டங்களில் இருக்கிறார்கள். வீடு திரும்பியதும் தாங்களும் ஒரு கதை எழுதப்போவதாகச் சொல்லிப் புதுக் கொப்பி கேட்கிறார்கள்.

எமது வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, நாங்கள் பட்ட பாட்டுக்கு மந்திரவாதிக் கதைதான் குறைச்சல் என்பது. யுத்தத்தைக் கண்டவர்கள் கண்டதை எழுதவேண்டும். பறக்கும் குதிரையும் பேசும் வாளும் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. மற்றது, எழுத்து நேரமுள்ளவர்களின் வேலை என்பது. இரண்டு இடத்தில் வேலை செய்து வீட்டுக்கடன் கட்டுபவனுக்கு அது சரிப்பட்டு வராது. இவ்விரண்டையும் நாங்கள் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. இரண்டிலும் அனுபவம் இருக்கிறது. ஆனால் இந்த வகை எழுத்து எங்கே, யார் கையால், எப்படிப்பட்ட நாட்களில் உருவானது என்ற வரலாற்றைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நல்லது. அந்த வரலாறு தொடங்கும் இடங்களில் ஒன்று மிச்சத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது.

*

வாண்டில் ஆறு குரொய்டன், கார்ஷோல்ற்றன் பக்கத்து ஊற்றுகளில் பிறந்து, மிச்சத்தின் ஓரமாக ஓடி, மேர்ட்டனைக் கடந்து, வொண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியோடு சேர்கிறது. வழுக்கையாற்றை ஆறென்று சொல்லி வளர்ந்த எங்களுக்கு இதனையும் ஆறென்று ஒப்புக்கொள்வதில் சிரமமில்லை. அளவில் சிறியதாயினும் நீரின் வேகம் அதிகம். அதனால் சில நூற்றாண்டுகளாக அதன் கரை நெடுகிலும் ஆலைகள் நின்றன. மா அரைக்கும் ஆலைகள், செப்புத்தகடு அடிக்கும் ஆலைகள், மூக்குத்தூள் ஆலைகள், இவற்றோடு பருத்தித் துணியை வெளுத்து அச்சடிக்கும் பட்டறைகள்.

இந்தத் துணி அச்சடிப்புக்கும் எங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பித்துப்பிடிக்க வைத்த பூப்போட்ட பருத்தித் துணிகளில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறியவை. அவற்றின் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் தமிழ்நாட்டுக் கரையில் மட்டுமல்ல, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்றரைகளில் கிண்டி எடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அது ஆட்சிக்கு வருமானம் தந்த பொருட்களில் ஒன்று. வேர் கிண்டும் வேலை ஒடுக்கப்பட்ட சாதியினரின் தலையில் கட்டப்பட்டிருந்தது. இறக்குமதித் துணி தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறதென்று லண்டன் நெசவாளர்கள் கலகம் செய்தார்கள். முதலில் கிழக்கிலிருந்து வந்த அச்சிட்ட துணிகளுக்குத் தடை வந்தது; பின்னர் 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையே தடுத்தது. இந்தத் தடைகளையெல்லாம் தாண்டி, எமது கரையின் வேலைப்பாட்டைப் பார்த்துச் செய்யும் தொழில் வாண்டில் கரையில் வளர்ந்தது.

இந்தக் கரையில், மேர்ட்டன் அபியில், ஏழு ஏக்கர் அளவான ஒரு பழைய பட்டறையை 1881இல் வில்லியம் மொரிஸ் என்பவர் குத்தகைக்கு எடுத்தார். பிரான்சிலிருந்து மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு இங்கு வந்த ஹியூகனோ அகதிகள் தொடங்கிய பட்டு நெசவுப் பட்டறை அது என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய மக்கெயில் சொல்கிறார். மொரிஸை இன்று பலரும் அறிவது சுவர்த்தாளிலும் திரைச்சீலையிலும் தேநீர்க் குவளையிலும் காணும் பூவேலையால். அவர் கவிஞர். 1884இன் இறுதியில் சோஷலிஸ்ட் லீக் என்ற அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இவற்றோடு, இன்று எமது பிள்ளைகள் வாசிக்கும் மாயக்கதை நாவலுக்கு ஆங்கிலத்தில் வழி திறந்தவரும் அவர்தான். அவருக்கு முன்னர் ஜோர்ஜ் மக்டொனல்ட் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே கதாநாயகன் கனவிலோ வேறு வழியிலோ நமது உலகிலிருந்து மற்ற உலகுக்குப் போவான். மொரிஸின் பிற்காலக் கதைகளில் நமது உலகமே கிடையாது. முழுக்க இட்டுக்கட்டிய நாடு, இட்டுக்கட்டிய ஊர்கள், அவற்றுக்கென்று ஒரு பழைய சரித்திரம். 1894இல் வெளிவந்த 'உலகுக்கு அப்பாலுள்ள காடு', 1896இல் வெளிவந்த 'உலகின் முடிவிலுள்ள கிணறு' ஆகியவை இந்த வகையில் முன்வைக்கப்படும் நூல்கள்.

*

இவர் எப்படி எழுதினார் என்பதுதான் எங்கள் கேள்வி.

மேர்ட்டன் அபியில் மொரிஸ் முக்கியமாகச் செய்ய முயன்றது அவுரி நீலத்தில் அச்சடிப்பது. அவுரித் தொட்டியில் முக்கிய துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணுக்கு முன்னாலேயே நீலமாக மாறும். பூவேலை செய்ய வேண்டுமானால் முதலில் துணி முழுவதையும் கடும் நீலமாக்க வேண்டும். பிறகு மரஅச்சினால் வெளுக்கும் மருந்தை ஒற்றி, வேண்டிய இடத்தில் நீலத்தை எடுக்க வேண்டும். வெளுத்த இடத்தில் மஞ்சிட்டியின் சிவப்பையும், இன்னொரு செடியின் மஞ்சளையும் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் கழுவல், உலர்த்தல். ஒரு துணி முடிய நாட்கள் செல்லும். ஸ்ரோபெரிப் பழம் திருடும் குருவிகளைக் கொண்ட அவருடைய பேர்பெற்ற துணி 1883இல் இங்குதான் இந்த முறையில் அச்சானது. அடுத்த ஆண்டு செய்த ஒரு துணிக்கு ஆற்றின் பெயரையே வைத்தார். இந்த வித்தையைக் கற்பதற்காக அதற்கு முன்னர் லீக் என்ற வடபகுதிப் பட்டணத்தில் ஒரு சாயக்காரரிடம் போய்த் தொட்டிக்குள் கைவிட்டு வேலை செய்தார். கை முழங்கை வரை நீலமாக வீடு திரும்பினார் என்று அவருடன் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது தலை இன்னொன்றைக் கட்டமுடியும் என்பது அவர் கருத்து. சித்திரத்துணி நெய்துகொண்டே காவியம் இயற்ற முடியாதவன் அந்த வேலைக்கு உதவமாட்டான் என்று சொல்லுவாராம். அவர் அதைச் செய்தும் காட்டினார். 1886, 1887ஆம் ஆண்டுகளில் ஒடிசியை மொழிபெயர்த்தபோது தொழிலாளர் கூட்டங்களில் பேசுவதற்குப் போகும் புகையிரதங்களில் இருந்து அதில் ஒரு பகுதியை எழுதினார்.

இதை வாசிக்கும் எம்மவர் பலருக்கு இது புதிதாக இராது. உணவகச் சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கும் கைக்குத் தலை தேவைப்படுவதில்லை. பத்து மணித்தியாலம் கை ஓடிக்கொண்டிருக்க, தலை ஊரிலும் வழியிலும் இல்லாத இடங்களிலும் அலைகிறது. எங்களில் பலர் இவ்வாறு கட்டிய கதைகள் எங்களுக்கே தெரியும். அவை தாளுக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதற்கும் மொரிஸின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. அவருடைய தகப்பனார் டெவன் பகுதியில் ஒரு செப்புச் சுரங்கத்தில் பங்கு வைத்திருந்தார். அதனால் 21 வயதிலேயே மொரிஸுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 900 பவுண் வந்தது. அன்று அது பெரிய பணம். அவர் தொட்டிக்குள் கைவிட்டது விருப்பத்தால். பக்கத்தில் நின்ற தொழிலாளி கைவிட்டது கூலிக்காக. மேர்ட்டன் அபியில் கூலி மற்ற இடங்களைவிட நன்றாக இருந்தது, வெளிச்சமும் தோட்டமும் இருந்தன, லீக்கின் கிளையொன்றும் அங்கு இயங்கியது. ஆனாலும் சித்திரத்துணி நெய்த சிறுவர்களில் ஒருவராவது மனதில் ஒரு கதை கட்டினாரா என்று எந்த நூலும் எமக்குச் சொல்லவில்லை. மொரிஸே இந்த முரண்பாட்டை அறிந்திருந்தார். தாம் செய்யும் அழகான பொருட்கள் பணக்காரர் வீட்டுக்குத்தான் போகின்றன என்பது அவரை அரித்தது. அவரை அரசியலுக்குத் தள்ளியவற்றில் அதுவும் ஒன்று.

இனி முதலாவது பதிலுக்கு வருவோம். மாயக்கதை உண்மையிலிருந்து தப்பி ஓடுபவனின் எழுத்தா? மொரிஸ் தம் மாயக்கதைகளைத் தொடங்கியது அரசியலில் மிகத் தீவிரமாக இருந்த காலத்தில். 1887 நவம்பர் 13இல் திரபல்கர் சதுக்கத்தில் பொலிசாரும் படையினரும் ஊர்வலத்தினரை அடித்து நொருக்கிய 'இரத்த ஞாயிறு' அன்று அவர் அங்கே நின்றார். அடுத்து வந்த நூல்களில் ஒன்று ஓநாய்க் குலத்து மக்களைப் பற்றியது. காட்டோரம் வாழும் ஒரு குலம் உரோமப் பேரரசின் படையை எதிர்த்து நிற்கும் கதை அது. தெருவில் கண்ட தோல்வியை அவர் மறக்கவில்லை. அதை வேறொரு காலத்துக்கு எடுத்துச்சென்று, ஒரு மக்கள் கூட்டம் எப்படி ஒன்றாக நிற்கிறது என்று எழுதிப் பார்த்தார். கடைசிக் கதையான 'பிரிக்கும் பெருவெள்ளம்' நூலின் இறுதிப் பகுதியை எழுத முடியாத நிலையில் படுக்கையில் இருந்து சொல்ல, பிறர் எழுதினார்கள். சில கிழமைகளில், 1896 ஒக்டோபர் 3இல் இறந்தார். அந்த நூலில் கதை நிகழும் நாட்டின் வரைபடம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. இன்று எந்த மாயக்கதை நாவலைத் திறந்தாலும் முதற்பக்கத்தில் காணும் வரைபடத்துக்கு அது ஒரு மூத்த அண்ணன்.

*

மொரிஸ் படித்த ஒக்ஸ்போர்ட் எக்செற்றர் கல்லூரியில் பின்னர் படித்தவர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன். 1914இல் தமக்குக் கிடைத்த 5 பவுண் பரிசுப் பணத்தில் மொரிஸின் நூல்களை வாங்கினார். ஓநாய்க் குலத்தின் கதையும் அவற்றில் ஒன்று. அதே ஆண்டு, பின்லாந்தின் பழங்கதை ஒன்றை மொரிஸின் முறையில் எழுதிப் பார்ப்பதாகத் தம் வருங்கால மனைவிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டுகளில் அவர் சொம் போர்முனையின் பதுங்கு குழிகளில் நின்றார். 1916 நவம்பரில் காய்ச்சலோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். நோய் விடுப்பில் இருந்த அந்தக் காலத்தில் அவர் எழுதியது போர்முனை நாட்குறிப்பல்ல. கொண்டொலின் என்ற மறைந்த நகரம் ஒன்று எதிரிகளால் சூழப்பட்டு எரிந்து அழிவதையும், எஞ்சிய சிலர் ஒரு இரகசியப் பாதையால் தப்பிப் போவதையும் எழுதினார். 1918 அளவில் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

முற்றுகையிடப்பட்ட நகரம், எரியும் வீடுகள், இரவோடிரவாக வெளியேறும் சனம் என்பவற்றை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும், 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள். கண்டதைக் கண்டபடி எழுத முடியாத மனம் சில வேளை நகரத்தின் பெயரை மாற்றுகிறது, எதிரிக்கு வேறு உருவம் கொடுக்கிறது. அது பொய் சொல்வதற்காக அல்ல, சொல்லி முடிப்பதற்காக. தம் கதையில் வரும் பிணங்கள் மிதக்கும் சதுப்பு நிலத்துக்கு சொம் போர்க்களத்துக்குப் பிந்திய வடபிரான்சு ஓரளவு காரணம் என்றும், மொரிஸின் நூல்கள் அதைவிடக் கூடிய காரணம் என்றும் ரொல்கீன் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். கண்ட காட்சியும் படித்த கதையும் இவ்வாறுதான் கலக்கின்றன.

1939இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் இந்தத் தப்பி ஓடல் குற்றச்சாட்டுக்கு நேரடியாகப் பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் வெளியே உள்ள தன் வீட்டை நினைப்பதையும், படையிலிருந்து கோழைத்தனமாக ஓடுபவனின் ஓட்டத்தையும் ஒன்றென்று சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். தடுப்பு முகாமின் கம்பிக்குள் இருந்தவர்கள் இந்த வாதத்தின் எடையை அறிவார்கள்.

அவருடைய எழுத்து முறையும் ஆறுதல் தரக்கூடியது. 'ஹொபிற்' கதையின் முதல் வசனம் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வெற்றுத் தாளில் எழுதப்பட்டது. அந்தத் திருத்தும் வேலையை அவர் செய்தது மேலதிக வருமானத்துக்காக. பதிப்பாளர் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தம் 10 வயது மகனிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்கு அபிப்பிராயம் எழுதி வாங்கினார். 1937 செப்டெம்பரில் நூல் வந்தது. அதன் தொடர்ச்சியாக அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பெரிய நாவல் 1954, 1955ஆம் ஆண்டுகளில்தான் வெளிவந்தது. தட்டச்சுக்காரருக்குக் கொடுக்கப் பணம் போதாமல் பெரும்பகுதியைத் தாமே தட்டினார். எழுதியவற்றை ஒக்ஸ்போர்டில் நண்பர்கள் கூடும் இடத்தில் வாசித்துக் காட்டினார். சி. எஸ். லூயிஸ் அந்த நண்பர்களில் ஒருவர். அவரும் இளமையில் மொரிஸை விழுந்து விழுந்து படித்தவர். கிழமைக்கொருமுறை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பிழை சொல்லும் சிறு கூட்டம் அது. லூயிஸ் தந்த ஊக்கம் இல்லாவிட்டால் இந்த நாவல் முடிந்திருக்காது என்று ரொல்கீனே ஒப்புக்கொண்டிருக்கிறார். எமது இலக்கியச் சந்திப்புகளில் பிழை சொல்வதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வாசித்துக் காட்டுவதற்குத்தான் ஆள் குறைவு.

*

எமது பக்கத்துக் கதை என்ன? தமிழில் மாயக்கதை எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்று யாராவது கேட்டார்களா?

1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என்று ஒரே நேரத்தில் ஒரு சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார்கள். பின்னர் அது பல மொழிகளுக்குப் பரவியது. சிங்களத்திலும் 'அம்பிலி மாமா' வந்தது. வேதாளத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனின் அதே படத்தை யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும் கண்டி வீட்டிலும் பிள்ளைகள் ஒரே காலத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சஞ்சிகையின் எழுத்து முறை ஒரு தொழிற்சாலை முறை. கதைகள் தெலுங்கில் தயாராகும். படங்கள் எல்லா மொழிக்கும் பொது. தமிழிலும் மற்ற மொழிகளிலும் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். 1952இலிருந்து 1980இல் இறக்கும்வரை தெலுங்கின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவரான கொடவட்டிகண்டி குடும்பராவ் அதன் ஆசிரியப் பணியைச் செய்தார். வேதாளக் கதைகள் மூலத்தில் 25தான். அவை முடிந்த பின்னரும் மாதாமாதம் வேதாளம் கதை சொல்லியாக வேண்டும். ஆகவே வேறு கதைகளை எடுத்து, இறுதியில் ஒரு தருமசங்கடக் கேள்வி வருமாறு மாற்றி, வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். இது பல தசாப்தங்கள் நடந்தது. தொடர்கதைப் பகுதியில் வந்த மந்திரவாதிகள், பாதாளக் கோட்டைகள், இரண்டு இளைஞர்கள் காட்டு வழியே போகும் நெடும் பயணங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் தாசரி சுப்ரமணியம். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அவர் பெயரைச் சஞ்சிகை அச்சிடவில்லை. மாயக்கதையின் பொற்காலமென்று எமது மாமன்மார் இன்றும் பெருமூச்சு விடும் அந்தத் தொடர்களை எழுதியவர் யாரென்று தெரியாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்து முதுமையடைந்தது. தெலுங்கு வாசகர் சிலர் பிற்காலத்தில் தேடி அவரைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 2010இல் அவர் காலமானார்.

படம் வரைந்தவர்கள் சற்றுக் கொடுத்து வைத்தவர்கள். படத்தின் மூலையில் பெயரின் கீறல் இருந்தது. விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் 1950களின் தொடக்கத்தில் சேர்ந்து, சஞ்சிகை 2010களில் நின்றுபோகும் வரை அதனோடு இருந்தார். 2020இல் 96 வயதில் காலமானார். மொழிபெயர்ப்பாளர்கள்தான் முற்றாக மறைந்துபோனார்கள். தெலுங்கு மந்திரவாதி எங்களோடு தமிழில் பேசியது அவர்கள் வாயால். அவர்கள் எத்தனை மணிக்கு எழுதினார்கள், எந்தச் சொல்லுக்காகத் திண்டாடினார்கள் என்று கேட்க இன்று ஒருவரும் இல்லை.

இன்னொரு உதாரணம் லண்டனையே தொடுகிறது. 1962இல் இங்குள்ள பிளீற்வே நிறுவனம் 'வேலியன்ற்' என்ற சிறுவர் வாராந்தரியைத் தொடங்கியது. அதில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திய ஓர் ஆய்வுகூட உதவியாளன் வந்தான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் கதை எழுதியவர் லண்டனைச் சேர்ந்த கென் புல்மர். பின்னர் ரொம் ரல்லி. வரைந்தவர் ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்து ஆண்டுகள் கழித்து, 1972இல், சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அதை 'இரும்புக்கை மாயாவி' என்று வெளியிட்டது. லண்டனில் அந்தப் பாத்திரம் இன்று பழைய புத்தகம் சேர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். தமிழ்ச் சிறுவர்களின் கையிலோ அது அட்டை கிழிந்து, கைமாறி, பரணில் ஏறி, மறுபதிப்புக் கண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிளீற்வே அலுவலகத்தில் தாளுக்கு இவ்வளவு என்று எழுதியவர்கள், தங்கள் கதை பாக்குநீரிணையைத் தாண்டிப் பருத்தித்துறைக்குப் போகுமென்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். எழுத்தின் வழிகள் அவ்வளவு விநோதமானவை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரிந்தவை 97,000 நூல்கள். எரியாமல் மிஞ்சியவற்றில் இப்படி வீட்டுப் பரண்களில் கிடந்தவையும் அடங்கும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான ஊரில், பிள்ளைகளின் வாசிப்பைக் காப்பாற்றியது இந்தப் பழைய மாயாவியும் வேதாளமும்தான்.

*

ஆகவே இந்தப் பதின்ம வயது எழுத்தாளர்கள் கூட்டத்தில் அமர்ந்து தம் வேலையைப் பற்றிக் கதைப்பது வெறும் விற்பனைத் தந்திரம் மட்டுமல்ல. அதில் விற்பனை உண்டுதான். ஆனால் எழுதியவருக்கு ஒரு பெயரும் முகமும் இருப்பதால் கேட்கும் பிள்ளைக்கு அது தன்னாலும் முடியக்கூடிய வேலையாகத் தெரிகிறது. மலோரி பிளக்மன் பார்படோசிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். கணினித் துறையில் வேலை பார்த்தவர். தம் முதல் நூல் 1990இல் வருவதற்கு முன் 82 தடவை திருப்பி அனுப்பப்பட்டதை அவர் எந்த மேடையிலும் மறைப்பதில்லை. 2001இல் அவர் எழுதிய நாவலில் கறுப்பர் ஆள்கிறார்கள், வெள்ளையர் ஒடுக்கப்படுகிறார்கள். இந்த ஒரு புரட்டலில் ஒரு நாடே கண்ணாடியில் தெரிந்தது. 2013இலிருந்து 2015வரை இந்நாட்டுச் சிறுவர் இலக்கியத்தின் அரசவை எழுத்தாளர் போன்ற பதவியில் அவர் இருந்தார். ஜே. கே. றோலிங் அரச உதவிப்பணத்தில் வாழ்ந்த தனித்தாயாக எடின்பரோத் தேநீர்க் கடைகளில் கையால் எழுதியதும், 12 பதிப்பகங்கள் மறுத்ததும் எல்லோரும் அறிந்தவை.

முகம் என்பதில் இன்னொரு பொருளும் உண்டு. 1968இல் அமெரிக்கரான அர்சுலா லெ குவின் மந்திரவாதிச் சிறுவன் ஒருவனின் கதையை எழுதினார். பதின்ம வயதினருக்கு ஒன்று எழுதித் தரும்படி ஒரு சிறு பதிப்பகம் கேட்டதால் எழுதியது. முதலில் தீவுகளின் வரைபடத்தைக் கீறி, பிறகு அந்தத் தீவுகளுக்குள் கதையை நடத்தினார். அந்தச் சிறுவனின் நிறம் கபிலம். அதைக் கதைக்குள் மெல்ல நுழைத்தார். ஆனால் பதிப்பாளர்கள் பல தடவை அட்டையில் வெள்ளைச் சிறுவனைப் போட்டார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் அதற்காகச் சண்டை பிடித்தார். எமது பிள்ளைகள் எழுதும் முதற் கதையில் கதாநாயகிக்குப் பெரும்பாலும் எமிலி என்றோ லூசி என்றோதான் பெயர் வருகிறது. தங்கள் பெயர் அந்த உலகுக்குப் பொருந்தாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வாசித்த புத்தகங்களிலிருந்து தாங்களே படித்துக்கொண்டார்கள்.

இது மாறத் தொடங்கியிருக்கிறது. கொழும்பில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் நிஸ்ரானா பாரூக் 2020இல் வெளியிட்ட கதையில், இலங்கையைப் போன்ற ஒரு கற்பனை இராச்சியத்தில் ஒரு சிறுமி அரசனின் யானையைக் களவெடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறாள். இலங்கையின் வடகிழக்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எஸ். ஜே. சிந்து 2023இல் 'சக்தி' என்ற படக்கதை நாவலைச் சிறுவர்களுக்காக எழுதினார். இருவரும் எழுதியது ஆங்கிலத்தில். இதனை எமது இலக்கியமாகக் கொள்ளலாமா என்று வழக்கம்போல் ஒரு விவாதத்தைத் தொடங்கலாம். அந்த விவாதம் முடிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

எங்கள் கவலை வேறு. எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைக்குக் கிடைப்பவை 'அ, ஆ' பாட்டும், ஆத்திசூடியும், பரீட்சைக்கான கட்டுரையும். பதின்மூன்று வயதுப் பிள்ளை விரும்பி இரவு விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்படியான ஒரு தமிழ்க் கதை அங்கே இல்லை. அது வாசிப்பது ஆங்கிலத்தில், ஆகவே கனவு காண்பதும் ஆங்கிலத்தில். மொழி வீட்டுக்குள் சோறு கேட்பதற்கும் அம்மம்மாவோடு தொலைபேசியில் சுகம் கேட்பதற்கும் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு மொழியில் மந்திரம் நடக்காவிட்டால் பிள்ளை அந்த மொழியில் அதிக காலம் தங்காது.

செய்யக் கூடியவை பெரியவை அல்ல. எமது அம்மம்மாமார் கொள்ளிவாய்ப் பேய், முனி, வைரவர் கோயில் நாய், கிணற்றடியில் நின்ற வெள்ளைச் சீலைக்காரி என்று சொன்ன கதைகள் அவர்களோடு போகுமுன் எழுதிவைக்கப்பட வேண்டும். சொன்னவரின் பெயரோடும் ஊரோடும். பிள்ளைகள் எந்த மொழியில் கதை எழுதினாலும் அதை ஒருவர் இருந்து கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்து தமிழாக்கலாம். அம்புலிமாமாவே அப்படித்தான் எங்களுக்கு வந்தது. மொழிபெயர்த்தவரின் பெயரையும் இந்தத் தடவை போடுவோம். இந்தப் பக்கங்களில் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்குவதில் ஆசிரியர் குழுவுக்கு ஆட்சேபம் இராது என்று நம்புகிறோம். வேலை முடிந்து வருபவர்கள், கை ஓடியபோது தலையில் ஓடியதை, கடதாசிப் பையின் பின்பக்கத்திலாவது குறித்துவைக்கலாம். மொரிஸுக்குச் செப்புச் சுரங்கம் இருந்தது, எங்களுக்கு இல்லை என்பது உண்மை. ரொல்கீனுக்கு விடைத்தாளின் வெற்றுப் பக்கம் போதுமாக இருந்தது என்பதும் உண்மை.

மேர்ட்டன் அபியில் மொரிஸின் பட்டறை 1940இல் மூடப்பட்டது. கட்டிடங்களும் இன்று இல்லை. அந்தச் சுற்றாடலில் பேரங்காடியும் அகன்ற வீதியும் வந்துவிட்டன. எம்மவர் பலர் அங்கே கிழமைக்கொருதரம் அரிசியும் பாலும் வாங்கப் போகிறார்கள். ஆறு மட்டும் பழைய இடத்திலேயே ஓடுகிறது. அடுத்த தடவை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பாலத்தடியில் ஐந்து நிமிடம் நின்று, துணி பச்சையாக வந்து நீலமாக மாறிய கதையையும், யாழ்ப்பாணத்து மணலில் வேர் கிண்டியவர்களின் கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள். மிகுதியை அவர்கள் தாங்களே இட்டுக்கட்டுவார்கள்.